துரைசாமியின் நகங்கள்

பெட்டியில் வந்திறங்கிய நாளில்
அவனுக்கு ஒரு எண் மட்டும்தான் இருந்தது.
வெள்ளைக்காரத் தோல், ஆகவே துரை.
ஊட்டாமலே உயிரோடிருந்தான், ஆகவே சாமி.
அவிநாசி தாண்டி எங்கள் நர்சிங் கல்லூரி,
மூன்றாம் மாடிச் செயல்முறைக் கூடம்,
சன்னலோரக் கட்டில்.

கட்டிலுக்கடியில் கம்ப்ரெசர்,
கோயமுத்தூர்ப் பட்டறை மோட்டார்.
அது ஓடினால்தான் அவன் நெஞ்சு ஏறும்.
கரண்ட் போனால்
பெனாசிர் எழுந்து நின்று மௌனம் காப்பாள்.
ஜெனரேட்டர் உறுமியதும் திரும்பி வருவான்
நாடி எழுபத்திரண்டோடு,
எங்கேயும் போகாதவன் போல.

கை கழுவினால் இரண்டு மதிப்பெண்.
பெயர் சொன்னால் ஒன்று.
"வணக்கமுங்க, நான் கோகிலவாணி,
ஊசி போட வந்திருக்கறனுங்க."
நூறு தடவை சொல்லியிருப்பேன்.
ஒருமுறைகூட அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.
ரப்பர்த் தோலுக்குக் கீழே
ரத்தக்குழாய் வைத்த இடத்தில் காத்திருக்கும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
பிரிசில்லா மேடம் ஒரு பொத்தானை அழுத்துவார்.
அவன் உதட்டில், பத்து விரல் நுனியிலும்
நீல விளக்கு.
நீலம் என்றால் ஆக்சிஜன் போதவில்லை.
நூலகத்தில் அந்தப் புத்தகம் இரண்டு பிரதி,
ஒன்றில் அந்தப் பக்கத்தை யாரோ கிழித்திருந்தார்கள்.
வீடியோவில் பதினோரு நிமிடம்.
எல்லாவற்றுக்கும் சுருக்கம்:
நீலம் என்றால் ஓடு.

இரண்டாம் ஆண்டு, திருப்பூர், ஆண்கள் வார்டு.
கால் வீங்கி வந்திருந்த மாரப்பனின் கையைப் பிடித்தேன்.
பத்து நகமும் நீலம்.
ஓடினேன்.
சிலிண்டரை உருட்டிக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பியபோது
அவர் டீயில் பன்னை முக்கிக்கொண்டிருந்தார்.
"சாயமுங்க அம்மிணி. இருவது வருசமாச்சு.
சோப்புக்கும் போவாது, சாமிக்கும் போவாது."
வார்டே சிரித்தது.
ஆக்சிஜன் தேவைப்பட்டவள் நான்தான்.

மூன்றாம் நாள் இரவு
அதே சாயப்பட்டறையிலிருந்து இன்னொருவர்.
வயிற்று வலி என்று வந்தவர், பெயர் செங்கோடன்.
நகம் கருநீலம், விரலிடுக்கில் பச்சை.
விரலில் மாட்டிய கருவி
எண் காட்டாமல் கோடு போட்டது.
சாயம்தானே, என்றார்கள் பக்கத்துக் கட்டிலில்.
சாயம்தான், என்றேன் நானும்.
சொல்லிவிட்டு நாலு எட்டு நடந்தேன்.

ஏன் திரும்பினேன் தெரியவில்லை.
அவர் பன் கேட்கவில்லை. டீ கேட்கவில்லை.
"வாயத் தெறங்க" என்றேன்.
நாக்கை யாரும் சாயத்தொட்டியில் முக்குவதில்லை.
நாவற்பழம் தின்ற நாக்கு.
அது நாவற்பழக் காலம் இல்லை.
கருவியைக் காதுமடலில் மாட்டினேன்:
எழுபத்தொன்பது.

மறுபடி ஓடினேன்.
இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை.
விடிவதற்குள் அவரைக் கோவைக்கு அனுப்பினார்கள்.
பிறகு என்ன ஆனார், தெரியாது.
நான் நிரப்பும் படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

வீக்கம் வடிந்து போன மாரப்பன்
மறு வாரம் காட்ட வந்தபோது
நான் கேட்டிருந்ததை மாத்திரைச் சீசாவில் கொண்டுவந்தார்.
"எதுக்குங்க அம்மிணி?"
"ஒருத்தருக்குப் பூசோணும்."

தீக்குச்சியில் பஞ்சு சுற்றி
ஒவ்வொரு நகமாக.
கியூட்டிக்கிள் வரை வழிந்தது, துடைக்கவில்லை.
மணிக்கட்டு ரேகையிலும் கொஞ்சம்.
முதன்முறையாக அவன் எங்காவது வேலைக்குப் போய் வந்தவன் போலிருந்தான்.

பிரிசில்லா மேடம் அலறினார்.
பொம்மையின் விலையைச் சொன்னார்,
என் அப்பாவின் தறிக்கூலியில் அது எத்தனை வருடம் என்று
மனதுக்குள் வகுத்துக்கொண்டிருந்தேன்.
"தொடைச்சா போயிருமா?"
"போவாதுங்க மேடம்."
செங்கோடனைப் பற்றிச் சொன்னேன்.
அவர் துரைசாமியின் கையை எடுத்து
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
பிறகு ஒன்றும் பேசாமல் கண்ணாடி அறைக்குப் போய்
உதட்டு விளக்கை மட்டும் எரியவிட்டார். அணைத்தார்.
மறுபடி எரியவிட்டார்.

இன்று முதலாண்டுப் பெண் ஒருத்தி
கை கழுவினாள். பெயர் சொன்னாள்.
விரல்களைப் பிடித்ததும்
ஓடுவதற்குக் கால் எடுத்தாள்.
கதவோரம் நின்ற நான் வாய் திறக்கவில்லை.

எடுத்த காலை மெல்ல வைத்தாள்.
குனிந்தாள்.
கட்டைவிரலால்
துரைசாமியின் கீழுதட்டை விலக்கினாள்.